முதல் பிரைடல் ஷோவுக்கு ஸ்டால் போடுகிறீர்களா? ஆரி தையல் கேள்வி-பதில்

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. ஆவணிக் கல்யாணத்துக்கான ஜாக்கெட் வேலையெல்லாம் அப்போதுதான் சூடுபிடிக்கும். வீட்டிலேயே ஆரி வேலை (கொக்கி ஊசியால் துணியில் போடும் நூல், மணி வேலை) செய்யும் பலர், கல்யாணக் கண்காட்சியில் முதல்முறையாக ஸ்டால் போடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே சந்தோஷமாக இருந்தது.

கண்காட்சிக்கு 2 மாதம்தான் இருக்கிறது. 40 பிளவுஸாவது தைத்து மாட்ட வேண்டும் என்கிறார் கணவர். முடியுமா? (கரூர்)

40 வேண்டாம், 10 போதும். கல்யாண ஜாக்கெட்டை யாரும் ஸ்டாலில் ரெடிமேடாக வாங்கிப் போவதில்லை. தன் புடவைக்கு, தன் அளவுக்குத் தைக்கக் கொடுக்கத்தான் வருகிறார்கள். உங்கள் கைவேலை எப்படி என்று தெரிந்தால் போதும். கழுத்தோரம் மட்டும் மணி வைத்தது, கை நிறையப் புட்டா போட்டது, கையும் முதுகும் ஜர்தோசியால் (சுருள் ஜரிகைக் கம்பி வேலை) நிரப்பியது என்று மூன்று ரகம் இருக்கட்டும். விலையை எழுதியே மாட்டுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு நகர்ந்துவிடுபவர்கள் நிறைய.

பெண்ணின் அம்மாவோ பாட்டியோ ஜாக்கெட்டைக் கையில் எடுத்ததும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். ஆரி என்பது சங்கிலித் தையல். கடைசி முடிச்சு சரியாக விழவில்லை என்றால், நூல் முனையை இழுத்ததும் வரிசையாகப் பிரிந்து மணியெல்லாம் கொட்டிவிடும். அதனால் முந்தைய வாரமே ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டு, தளர்ந்த முனைகளைத் தேடி முடிச்சிடுங்கள்.

அப்புறம், பாதி வேலை முடிந்த துணி ஒன்றைப் பிரேமில் கட்டி, ஸ்டாலிலேயே உட்கார்ந்து போடுங்கள். கொக்கி ஊசி துணிக்குள் இறங்கி, அடியில் இருக்கும் நூலைக் கவ்விக்கொண்டு மேலே வருவதை ஐந்து நிமிடம் நின்று பார்த்தவர், 'ஏன் இவ்வளவு விலை?' என்று கேட்பதில்லை.

நானும் தங்கையும் மட்டும்தான் வேலை செய்கிறோம். எத்தனை ஆர்டர் எடுக்கலாம்? (மதுரை)

எல்லோரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. என் முதல் கண்காட்சியில் இரண்டு நாளில் 23 ஆர்டர் வந்தது. ஒன்றையும் விடாமல் எழுதிக்கொண்டேன். எங்கள் வீட்டிலும் அப்போது இரண்டு பேர்தான். அதில் 9 ஜாக்கெட் ஒரே முகூர்த்தத்துக்கு என்பதை வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டும்போதுதான் பார்த்தேன். ஒரு பெண்ணுக்கு விடியற்காலையில் மண்டபத்து அறையில் உட்கார்ந்து ஹூக் தைத்துக் கொடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் நின்ற அவள் அம்மாவின் முகம் இன்னும் மறக்கவில்லை.

கணக்கு எளிது. கனமான வேலை உள்ள ஒரு ஜாக்கெட் ஒருவருக்கு 6 நாள் பிடிக்கும் என்று வையுங்கள். மாதம் 24 நாள் வேலை என்றால் ஆளுக்கு 4, இருவருக்கு 8. உடம்பு முடியாத நாள், பிரித்துத் தைக்கிற வேலை என்று கழித்தால் 6. அந்த 6 நிறைந்ததும் 'இந்த மாதம் முடியாதும்மா' என்று சொல்லிவிடுங்கள். தினசரிக் காலண்டர் ஒன்றை ஸ்டாலில் வைத்து, ஆர்டர் எழுதும்போதே முகூர்த்த நாளைச் சுழியுங்கள். நோட்டில் எழுதும் டெலிவரி தேதி கல்யாணத்துக்கு 10 நாள் முன்னால் இருக்க வேண்டும்.

கூட்டத்தில் அளவு எடுப்பது எப்படி? (நாகர்கோவில்)

எடுக்காதீர்கள். சுடிதாருக்கு மேலே டேப்பைச் சுற்றி எடுத்த அளவில் பட்டு ஜாக்கெட் வெட்ட முடியாது. நன்றாகப் பொருந்தும் அளவு ஜாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்லி, இன்னொரு நாள் நேரிலும் அளந்துகொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் பெண்கள் இளைப்பதும் உண்டு, பூசினாற்போல் ஆவதும் உண்டு. பக்கத் தையலில் இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் உள்துணி விடுங்கள். பட்டைப் பிரித்தால் ஊசித் துளை தெரியும் என்பதால் முதல் தையலிலேயே கவனம் வேண்டும்.

இன்னொன்று: கை இணையும் இடத்திலும் பக்கத் தையலிலும் அரை இஞ்சுக்கு மணி வைக்காதீர்கள். மெஷின் ஊசி மணிமேல் இறங்கினால் ஊசி உடையும், மணியும் நொறுங்கும். இணைத்த பிறகு அந்த இடைவெளியைக் கையாலேயே நிரப்பலாம்.

பிரபல டிசைனரின் படங்களை ஆல்பத்தில் வைக்கலாமா? (சேலம்)

கூடாது. நீங்கள் போட்ட வேலை பத்துதான் என்றால் ஆல்பத்திலும் பத்துப் படம்தான். வேறொருவர் படத்தைக் காட்டி முன்பணம் வாங்கினால், அதே வேலையைத்தான் அவர்கள் எதிர்பார்ப்பார்கள்.

புடவையை ஸ்டாலிலேயே கொடுத்துவிடுகிறேன் என்கிறார்களே? (தஞ்சாவூர்)

முகூர்த்தப் புடவையைக் கூட்டத்தில் கைநீட்டி வாங்காதீர்கள். ஒரு காபிக் கறை பட்டால் யார் பொறுப்பு? வெட்டிய பிளவுஸ் துணியை மட்டும், படம் எடுத்து, ரசீது எழுதி வாங்கலாம். நூல் நிறம் பொருத்துவதையும் அங்கே செய்ய வேண்டாம். மண்டபத்து மஞ்சள் விளக்கில் சந்தன நிறம் எது, மாம்பழ நிறம் எது என்று தெரியாது. வீட்டில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

முன்பணம் எவ்வளவு வாங்கலாம்? (ஈரோடு)

பாதி. மணி, கல், ஜரிகை எல்லாம் நீங்கள் கைக்காசு போட்டு வாங்குபவை. சில மண்டபங்களில் சிக்னல் இல்லாமல் ஜிபே சுற்றிக்கொண்டே நிற்கும். 100, 200 ரூபாய்த் தாள்களும் கார்பன் வைத்த ரசீதுப் புத்தகமும் கையில் இருக்கட்டும்.