பட்டியலில் மதிலைப் பற்றிப் பேச்சே இல்லையே, இடிக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயரில் ஒரு பழைய மாளிகையின் குதிரை லாயத்தை வீடாக்கி விற்கிறார்கள். மாளிகை 'லிஸ்டட் பில்டிங்', அதாவது சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள பழைய கட்டடம். தோட்டத்துச் செங்கல் மதிலை இடித்து கார் நிறுத்தலாம், பட்டியலில் மதிலே இல்லை என்கிறார் ஏஜென்ட். 18-ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற தோட்ட வடிவமைப்பாளர் கேப்பபிலிட்டி பிரவுன் போட்ட தோட்டம் என்று விலையையும் ஏற்றுகிறார். நம்பலாமா?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். மாளிகையைப் பட்டியலில் சேர்த்தபோது அதன் வளாகத்துக்குள் இருந்த, 1948 ஜூலை 1-க்கு முன் கட்டிய மதிலும் மாளிகையோடு சேர்த்திதான். பிறகு துண்டு துண்டாக விற்றாலும் அது மாறாது. பழைய பதிவுகள் கட்டடத்தை அடையாளம் காட்ட எழுதிய இரண்டு மூன்று வரிகள்; மதிலை எழுதவில்லை, அவ்வளவுதான்.

நேரில் போய் மதிலைத் தடவிப் பாருங்கள். வரிசையாக ஆணித் துளைகள் இருந்தால், பீச் போன்ற பழமரங்களின் கிளைகளை விரித்துக் கட்டிய தடம். பகல் வெயிலைச் செங்கல் வாங்கி வைத்து இரவில் விடும். அந்தக் குளிரில் பீச் பழுத்தது அப்படித்தான். சில மதில்களுக்குள் புகைப்பாதை விட்டு அடுப்பே எரித்தார்கள். இதைப் போய் காம்பவுண்டு சுவர் என்கிறார்கள்!

விலக்கு ஒன்று உண்டு. 2013 ஜூன் 26 முதல், புதிதாக எழுதும் அல்லது திருத்தும் பதிவில் 'இந்த மதில் சேராது' என்று சொல்லலாம். வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். மௌனம் சம்மதம் என்பது பெண் பார்க்கும் இடத்தில் செல்லும், இங்கே செல்லாது. பதிவின் தேதி அதற்கு முந்தியது, பிறகு திருத்தவும் இல்லையா? இந்த விலக்கைத் தேடவே வேண்டாம்.

கவுன்சில் என்கிற உள்ளாட்சியின் அனுமதியில்லாமல் இடித்தால் கிரிமினல் குற்றம்: 2 ஆண்டு வரை சிறை, அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை. முந்தைய உரிமையாளர் இடித்திருந்தாலும், திரும்பக் கட்டு என்ற நோட்டீஸ் உங்கள் வாசலுக்கு வரும். எத்தனை வருடம் கழித்தும் வரும்.

அனுமதி வாங்கித் தருகிறேன் என்று வருபவர்களிடம் உஷார். லிஸ்டட் பில்டிங் அனுமதி விண்ணப்பத்துக்கு இங்கிலாந்தில் கட்டணமே கிடையாது. 'கவுன்சில் ஃபீஸ்' என்று அதற்கே தொகை போட்ட பில்லை நானே பார்த்திருக்கிறேன். 8 வாரத்தில் முடிவு என்பது விதி. தொலைபேசியை எடுக்கவே ஆள் இல்லாத கவுன்சிலில் அந்த விதியை யாரிடம் போய்ச் சொல்வது?

பிரவுன் கதைக்கு வருவோம். உங்கள் கவுன்டியிலேயே இருக்கும் ஸ்டோ என்ற மாளிகைத் தோட்டத்தில் அவர் 1741-இல் தலைமைத் தோட்டக்காரராகச் சேர்ந்தார். அதற்கு முன்பே பிரிட்ஜ்மன், கென்ட் என்ற வேறு இரு தோட்ட வடிவமைப்பாளர்களின் கையும் பட்ட தோட்டம் அது. அங்கேயே எது யார் வேலை என்று பிரிக்கத் தலையைப் பிய்த்துக்கொள்கிறோம். பிரவுனின் கணக்கு நோட்டு ஒன்று லண்டனில் லிண்ட்லி என்ற தோட்டக்கலை நூலகத்தில் இருக்கிறது. உங்கள் மாளிகை அந்த நோட்டில் எந்தப் பக்கத்தில் என்று ஏஜென்ட்டைக் கேளுங்கள்.