பேசாவிட்டாலும் வருகிறான் அல்லவா?

தன்னார்வ வழிகாட்டியாக இரண்டு மாதமாக வாராவாரம் சந்தித்தும் அந்த 12 வயதுச் சிறுவன் வாயே திறப்பதில்லை, விலகிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விலகாதீர்கள். பலர் பாதியில் விட்டுப் போனதைப் பார்த்த பிள்ளை, நீங்கள் எப்போது போவீர்கள் என்றுதான் கவனித்துக்கொண்டிருப்பான். சில மாதங்களிலேயே அறுந்துபோகும் உறவு அவனது தன்மதிப்பை இன்னும் குலைத்துவிடக்கூடும். ஓராண்டாவது நிலைத்து நில்லுங்கள்.

கேள்வி கேட்பதை நிறுத்துங்கள். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து, கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள். நான் சந்தித்துவந்த ஒரு சிறுவன் நான்கு மாதம் தலை நிமிரவில்லை. ஒருநாள் கழன்ற சைக்கிள் செயினை இருவரும் மாட்டிக்கொண்டிருந்தோம். விரலெல்லாம் கிரீஸ். செயினைப் பார்த்தபடியே, "அடுத்த வாரமும் வருவீர்களா?" என்றான். அவ்வளவுதான், ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். கடும் சூழலிலும் தேறியவர்கள் பலருக்கு, அக்கறையோடு உடன் நின்ற பெரியவர் ஒருவராவது இருந்தார்.

இன்னொன்று, "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவனை யாரோ துன்புறுத்துவதாகத் தெரிந்தால் அன்றே உங்கள் வழிகாட்டித் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லியாக வேண்டும். அதை அவனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.