துரு எடுத்து பெயிண்ட் அடித்த இடத்திலேயே மறுபடி துரு வந்தால் அதே கடையில் கொடுக்கலாமா?

பின்சக்கரத்துக்கு மேலே துருவைச் சரிசெய்து ஆறே மாதத்தில் அதே இடம் கொப்புளம் போட்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வண்டியை நான் பார்த்ததில்லை. ஆனால் இதே பாட்டை நானும் பட்டிருக்கிறேன். போன தடவை கடைக்காரர் உள்ளே என்ன செய்தார் என்று தெரியாமல் மறுபடி அங்கே கொடுக்காதீர்கள்.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். அப்பாவுடைய வண்டி 2005 டொயோட்டா டாஸ். இங்கே ப்ராஸ்பெக்டன் ஆலையில் செய்தது. அப்பா அதே ஆலையில் பாடி வெல்டிங் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வண்டியை வேறு யாரையும் கழுவக்கூட விடமாட்டார். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அது கதவு மட்டம் வரை சேற்றுத் தண்ணீரில் நின்றது. அப்பாவுக்கு அப்போதுதான் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. நானும் தம்பியும் சீட்டையும் கார்ப்பெட்டையும் கழற்றிக் காயவைத்தோம். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரக்கூடு, அதைச் சில் (sill) என்போம், அதற்குள் சேறு தங்கியிருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்டில் சில்லிலும் பின்சக்கர வளைவிலும் துரு தெரிந்தது. உங்கள் ஊரில் டிங்கரிங் பட்டறை என்பீர்கள், நாங்கள் பேனல் பீட்டர் என்போம். காவடி நாளில் கோயில் அன்னதானத்தில் என்னோடு நின்று பரிமாறுகிறவர் ஒருவர் அந்தத் தொழில் செய்கிறார். நம்பிக் கொடுத்தேன். 6,500 ராண்ட். நாலு நாளில் கண்ணாடி மாதிரி வந்தது.

ஜனவரி மழையில் கொப்புளம். அப்பா விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், சத்தம் மொத்தையாக வந்தது. பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துவரச் சொன்னார். நல்ல தகரத்தில் ஒட்டியது, அந்த இடத்தில் வைத்ததும் கீழே விழுந்தது. அவ்வளவு கனத்துக்குப் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பித் தேய்க்கிற பசை. சுரண்டினால் அடியில் தகரமே இல்லை. ஓட்டைக்குக் கம்பி வலையைக் கொடுத்து அதன்மேல் அப்பியிருந்தார்கள். அப்பா என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பட்டி வைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை, தொழில் தெரிந்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். சுத்தமான தகரத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வைத்தால் நிற்கும். ஆனால் பட்டி ஈரத்தை உறிஞ்சும். துருவை விட்டுவிட்டு மேலே பூசினால், அந்த ஈரத்தில் துரு அடியில் வளர்ந்துகொண்டே இருக்கும். சில், சக்கர வளைவு இதெல்லாம் இரண்டு தகரம் சேர்கிற இடம். துரு உள்ளே இருந்து வெளியே வருகிறது. வெளியே ஒரு ரூபாய் அளவு தெரிந்தால் உள்ளே கையகலம் போயிருக்கும்.

அதனால் அடுத்த கடையில் வேலையை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். முதலில் பழைய பட்டியையும் பெயிண்டையும் வெள்ளைத் தகரம் தெரிகிறவரை எடுக்கட்டும். அப்புறம் நீங்கள் நேரில் போய்ப் பாருங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். விலை அதற்குப் பிறகு. ஓட்டை விழுந்த இடத்தை நல்ல தகரம் வருகிறவரை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகரம் வெல்டு செய்யவேண்டும். துருவைக் கறுப்பாக்குகிற மருந்து மேல்துருவுக்குத்தான், ஓட்டைக்கு உதவாது. வெல்டுக்குப் பின் எபாக்ஸி பிரைமர் என்கிற அடிப்பூச்சு, அதற்குமேல்தான் பட்டி. வெல்டு சூட்டில் தகரத்தின் பின்பக்கப் பூச்சு எரிந்துபோகும், அங்கே மெழுகு அடிக்காவிட்டால் மறுபடி இதே கதைதான். சில்லின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகள் இருக்கும், அவற்றைத் தாரால் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட் பிடிக்கிற இடம், சஸ்பென்ஷன் பிடிக்கிற இடம் என்றால் பட்டி என்ற பேச்சே கூடாது. அது உயிர் விஷயம்.

ஒன்று சொல்லவேண்டும். போன தடவை நான் இங்கே பதில் எழுதியபோது 'ஆப்பிரிக்காவில் தமிழா? கணினியில் மொழிபெயர்த்ததா?' என்று கேட்டார்கள். 1860இல் சென்னையில் இருந்து ட்ரூரோ கப்பலில் நேட்டாலுக்கு வந்தவர்களின் வழி நாங்கள். என் ஆயா என்னைக் கூப்பிட்டதும் ஏசியதும் தமிழில். எழுத்தைச் சனிக்கிழமை வகுப்பில் போய்ப் படித்தேன். தப்பு இருந்தால் திருத்துங்கள், சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறேன். பொய் என்று மட்டும் சொல்லாதீர்கள், வலிக்கிறது.

டாஸை 2023 மார்ச்சில் வேறு கடையில் கொடுத்தோம். 11,000 ராண்ட் ஆனது. வெல்டு முடிந்த அன்று அப்பாவைக் கூட்டிப்போனேன். வெல்டு செய்த தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பெயிண்ட் அடிக்கலாம் என்றார். இப்போதும் பெருமழை ஓய்ந்த மறுநாள் குனிந்து, சில் ஓட்டைகளில் சின்னக் கம்பியை விட்டு அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்.