ஒரு பெரிய கேமராவா, ஒரே மாதிரி இரண்டா?

கேள்வி: பத்து வருடங்களுக்கு மேலாகக் கல்யாணப் படங்கள் எடுக்கிறேன். இருப்பது கேனான் 5டி மார்க் 3 ஒன்று. அதற்கு 24-70 எஃப்/2.8, 70-200 எஃப்/2.8, ஒரு 50 எம்எம் லென்ஸ். போன வைகாசியில் தாலி கட்டும் நேரம் பார்த்து லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் படம் தவறிவிட்டது. இனி இரண்டு கேமரா பாடி இல்லாமல் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நண்பர்கள், 'கேனான் ஆர்5 ஒன்று வாங்கு, 45 மெகாபிக்சல், பழைய 5டி துணைக்கு இருக்கட்டும்' என்கிறார்கள். ஒருவர் சோனிக்கே மாறச் சொல்கிறார். ஆர்6 மார்க் 2 இரண்டு வாங்கலாமா என்று எனக்கு ஒரு யோசனை. கையிலிருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் வரும். மனைவியின் நகையை வைத்தால் இரண்டாவதும் வாங்கிவிடலாம். ஆவணி முகூர்த்தங்களுக்கு முன் முடிவு செய்ய வேண்டும். என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: உங்கள் யோசனைதான் சரி. ஆர்6 மார்க் 2 இரண்டு. ஆனால் இரண்டையும் இந்த ஆடியிலேயே வாங்க வேண்டாம். நகையை வைக்கவே வேண்டாம்.

கெட்டிமேளம் கொட்ட ஆரம்பித்து மூன்றாவது முடிச்சு விழும் வரை எவ்வளவு நேரம் என்று உங்களுக்குத் தெரியும். அதற்குள் மணமேடை முழுவதும் தெரிகிற படம் வேண்டும், பெண்ணின் முகம் மட்டும் வேண்டும், ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிற அப்பாவும் வேண்டும். அட்சதை பறந்துகொண்டிருக்கும், ஹோமப் புகை கண்ணை மறைக்கும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் படமும் போகும், சென்சாரிலும் தூசி விழும். ஒரு தோளில் அகலக் காட்சிக்கு 24-70, இன்னொரு தோளில் தூரத்து முகங்களுக்கு 70-200 தொங்க வேண்டும், வேறு வழியில்லை.

அப்படியென்றால் இரண்டாவது பாடி பையில் தூங்குகிற ஸ்பேர் இல்லை. காலையில் மாப்பிள்ளை அழைப்பிலிருந்து இரவு ரிசப்ஷன் வரை அதுவும் வேலை செய்யும். ஆல்பத்தில் ஏறக்குறைய பாதி அதிலிருந்துதான் வரும். உங்கள் நண்பர்கள் சொல்வது போல் ஆர்5-ஐயும் 5டி-யையும் சேர்த்தால், அந்தக் குடும்பத்துக்குப் பாதிப் படம் 2020-இல் வந்த கேமராவிலிருந்தும் மீதிப் பாதி 2012-இல் வந்த கேமராவிலிருந்தும் போகும். அரக்குச் சிவப்புக் கூறைப்புடவை ஒரு படத்தில் ஒரு சிவப்பு, அடுத்த படத்தில் வேறு சிவப்பு. மஞ்சள் பூசிய முகத்தின் நிறமும் அப்படியே. டிசைனர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம், ஆனால் அதற்கு ஆகும் இரவுகள் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

நிறத்தைவிடப் பெரிய பிரச்சினை கை. 5டி-யின் கண்ணாடி வ்யூஃபைண்டரில் தெரிவது எதிரே இருக்கும் காட்சி. படம் வெளிச்சமா இருட்டா என்பது எடுத்த பிறகுதான் தெரியும். ஆர்5, ஆர்6 போன்ற கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் எடுக்கும் முன்பே தெரியும். ஒன்றில் ஃபோகஸ் புள்ளியை நீங்களே நகர்த்த வேண்டும், இன்னொன்று கண்ணைத் தானே பிடித்துக்கொள்ளும். இரண்டையும் மாற்றி மாற்றி எடுக்கும்போது மூளை ஒவ்வொரு முறையும் ஒரு கணம் தடுக்கும். தாலி கட்டும் நேரத்தில் அந்த ஒரு கணம்தான் எல்லாம்.

ஒரே குடும்பத்து கேமராக்களிலும் இது உண்டு. பழைய ஆர்6-இல் ஆன்-ஆஃப் ஸ்விட்ச் மேலே இடது பக்கம். மார்க் 2-இல் அதை வலது பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். இடது பக்கத்தில் இப்போது இருப்பது படமா வீடியோவா என்று மாற்றும் ஸ்விட்ச். இரண்டையும் தோளில் மாட்டியிருப்பவர் அவசரத்தில் கேமராவை ஆன் செய்வதாக நினைத்து வீடியோவுக்குப் போய்விடுவார். ஆர்6 ஒன்றும் மார்க் 2 ஒன்றும் வாங்கி மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால், இந்த ஒரு காரணத்துக்காகவே நான் வேண்டாம் என்பேன். பணம் அவ்வளவு இறுக்கமென்றால் பழைய ஆர்6-ஐயே நல்ல நிலையில் இரண்டாக வாங்குவது மேல்.

ஒரே மாடலாக இருந்தால் இன்னொரு வசதி. ஒரு பாடியில் எல்லா செட்டிங்கையும், எந்தப் பட்டனுக்கு என்ன வேலை என்பது வரை, அமைத்துவிட்டுக் கார்டில் சேமித்து மற்றதில் ஏற்றலாம். மாடல் வேறாக இருந்தால் இது நடக்காது.

இப்போது அந்த 45 மெகாபிக்சல். நம் ஊர் ஆல்பம் ஷீட் 12×36 அங்குலம். அதில் ஒரு பக்கம் 12×18. அதை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடிக்க 5400×3600 பிக்சல் போதும். 24 மெகாபிக்சல் படம் 6000×4000. ஒரு பக்கம் முழுக்க ஒரே படம் வைத்தாலும் மிச்சம் இருக்கிறது. ஷீட் முழுவதும் ஒரே படத்தை விரித்தால் 166 டிபிஐ வரும். மடியில் வைத்துப் புரட்டுகிற ஆல்பத்தில் அது உறுத்தாது. ஆர்5-இன் ரா ஃபைல் (கேமரா பதியும் மூலக் கோப்பு) ஒன்று சுமார் 50 எம்பி. ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம் படம் என்றால் 200 ஜிபி, ஒரு காப்புப் பிரதி சேர்த்தால் 400. மார்க் 2-இல் ஏறக்குறைய அதில் பாதி. ஹார்ட் டிஸ்க் மட்டுமா, உங்கள் கம்ப்யூட்டரும் மாற்ற வேண்டி வரலாம். நகைக்கடை விளம்பரம் மாதிரி பெரிய அச்சுக்கு வேலை வந்தால், அந்த ஒரு நாளுக்கு ஆர்5-ஐ வாடகைக்கு எடுங்கள்.

கார்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2018-இல் நிக்கான் இசட்6, இசட்7, கேனான் ஆர் எல்லாமே ஒரே ஒரு கார்டு இடத்தோடு வந்தன. கல்யாண வேலை செய்பவர்கள் அதை ஏற்கவில்லை. திரும்ப எடுக்க முடியாத ஒரு நிகழ்ச்சியை ஒரே கார்டில் நம்பி வைக்க யாருக்கு மனம் வரும்? 2020-இல் வந்த இசட்6 II, ஆர்6 எல்லாவற்றிலும் இரண்டு இடம் வைத்தார்கள். மார்க் 2-இல் இரண்டுமே வேகமான எஸ்டி கார்டு இடங்கள். இரண்டு பாடி, நாலு இடம், ஒரே வகைக் கார்டு. ஆர்5-இல் ஒன்று சிஎஃப்எக்ஸ்பிரஸ், ஒன்று எஸ்டி. இரண்டு வகை வாங்க வேண்டும், இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும்போது மெதுவான எஸ்டி-யின் வேகம்தான் கிடைக்கும். 5டி மார்க் 3-இல் இதே தொல்லையைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஒன்று, இரண்டு இடம் இருந்தால் மட்டும் போதாது. மெனுவில் போய் இரண்டு கார்டிலும் பதியும்படி நீங்கள்தான் அமைக்க வேண்டும். வாங்கியபடியே விட்டால் ஒன்றில் மட்டும்தான் பதியும்.

இதனால்தான், விலை குறைவு என்று யாராவது கேனான் ஆர்8-ஐ இரண்டாவதாக வாங்கச் சொன்னாலும் வேண்டாம். சென்சார் மார்க் 2-இல் இருப்பதுதான், நிறம் ஒத்துப்போகும். ஆனால் கார்டு இடம் ஒன்று, பேட்டரி வேறு வகை, அதுவும் சின்னது.

சோனிக்கு மாறுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புதிதாகத் தொழில் தொடங்குபவர் கேட்டால் சோனி ஏ7 IV இரண்டு, நிக்கான் இசட்6 III இரண்டு என்று அவற்றையும் சேர்த்தே சொல்வேன். சோனிக்கு டாம்ரான், சிக்மா லென்ஸ்கள் மலிவாகவும் நன்றாகவும் கிடைக்கின்றன. கேனானின் புதிய ஃபுல்ஃப்ரேம் (பெரிய சென்சார்) பாடிகளுக்கு அந்த வசதி இன்னும் குறைவு. ஆனால் உங்களிடம் இரண்டு அருமையான லென்ஸ்கள் இருக்கின்றன. பழைய லென்ஸைப் புதிய பாடியில் பொருத்தும் அடாப்டர் போட்டால் அவை மார்க் 2-இல் குறையில்லாமல் வேலை செய்யும். மாறினால் அவற்றை வந்த விலைக்கு விற்க வேண்டும், ஃப்ளாஷ் ட்ரிகர் முதற்கொண்டு மாற்ற வேண்டும். அடாப்டரை மட்டும் இரண்டாக வாங்குங்கள், பாடிக்கு ஒன்று. ஒன்றை மாற்றி மாற்றிப் போட்டால் பழைய லென்ஸ் மாற்றும் கதைதான் திரும்ப வரும்.

சரி, பணத்துக்கு வருவோம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. இந்த மாதம் ஒன்றை மட்டும் வாங்குங்கள். 2025 நவம்பரில் ஆர்6 மார்க் 3 வந்துவிட்டது, அதனால் மார்க் 2-ஐப் பேரம் பேசி வாங்க இது நல்ல நேரம். 32.5 மெகாபிக்சல் மார்க் 3-ஐப் பார்த்து மனம் அலைய வேண்டாம். அதிலும் கார்டு இரண்டு வகைதான். ஆடி முழுக்கக் கோயிலில், கடைத்தெருவில், வீட்டுப் பிள்ளைகளை என்று எடுத்துக் கை பழகுங்கள். ஆவணி, ஐப்பசி முகூர்த்தங்களுக்கு இரண்டாவது மார்க் 2-ஐ நாள் வாடகைக்கு எடுங்கள். திருச்சி, தஞ்சாவூர் பக்கம் விசாரியுங்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள், முந்தின நாளே கையில் வாங்கி உங்கள் செட்டிங்கை ஏற்றுங்கள். வாடகையை அந்தந்தக் கல்யாணத்தின் செலவாகவே கணக்கில் எழுதுங்கள். அந்த வரும்படியில் தை முகூர்த்தத்துக்குள் இரண்டாவதை வாங்கிவிடலாம். அப்போது கடையில் புதிது கிடைக்காவிட்டால், வாரண்டி மிச்சமிருக்கும் செகண்ட் ஹேண்ட் போதும். கல்யாணத் தொழிலில் பணம் சீசனுக்கு சீசன் வருவது. வட்டி மாதா மாதம் ஓடுவது. ஆடியிலும் மார்கழியிலும் அதைக் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்கள் மனைவிக்கும் தெரிந்திருக்கும். அவரிடமும் கேட்டுவிட்டுத்தான் நகையைப் பற்றி எழுதினீர்களா?

பேட்டரிக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். 5டி-யின் பழைய எல்பி-இ6 இதிலும் பொருந்தும், ஆனால் தொடர்ந்து எடுக்கும் வேகம் குறையும். எலக்ட்ரானிக் வ்யூஃபைண்டர் மின்சாரத்தையும் நிறைய தின்னும். ஒரு பாடிக்குப் புதிய பேட்டரி மூன்று இருந்தால் காலையிலிருந்து இரவு வரை கவலையில்லை.

மார்க் 2 எலக்ட்ரானிக் ஷட்டரில் நொடிக்கு 40 படம் எடுக்கும். மண்டபத்தில் அதை நம்பாதீர்கள். ரிசப்ஷன் மேடையில் பின்னால் எல்இடி திரை, பக்கத்தில் வீடியோக்காரர்களின் எல்இடி லைட். எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை வரிவரியாகப் படிக்கிறது; அதற்குள் விளக்கு துடித்தால் முகத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். பிறகு எந்த சாஃப்ட்வேரிலும் சுத்தமாகப் போகாது. மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 12 படம் வருகிறது, அது தாராளம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண விளக்குகளுக்கு 1/100 அல்லது 1/50 வைத்தால் பெரும்பாலும் துடிப்பு தெரியாது.

இரண்டு பாடி வந்த பிறகு செய்ய வேண்டிய இரண்டு வேலைகள் உண்டு, பலர் விட்டுவிடுவார்கள். ஒன்று, இரண்டின் கடிகாரத்தையும் ஒவ்வொரு கல்யாணத்துக்கு முந்தின நாளும் நொடி பிசகாமல் ஒன்றாக வையுங்கள். இல்லையென்றால் நேரப்படி அடுக்கும்போது மாலை மாற்றுவதற்கு முன்பே தாலி கட்டியிருக்கும். இன்னொன்று, ஃபைல் பெயரின் முன்னெழுத்தை மெனுவில் மாற்றி ஒவ்வொரு பாடிக்கும் ஒன்று கொடுங்கள். இரண்டும் ஒரே பெயரில் ஃபைல் உண்டாக்கினால், ஒரே ஃபோல்டரில் கொட்டும்போது ஒன்றின் மேல் ஒன்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது.

5டி-யை விற்காதீர்கள். இன்று அதற்குக் கிடைக்கும் பணம் பெரிதில்லை. அதன் ஷட்டருக்குக் கேனான் சொன்ன ஆயுள் ஒன்றரை லட்சம் படம். பத்து வருட வேலையில் நீங்கள் அதைத் தாண்டியிருக்கலாம். இருந்தாலும் 50 எம்எம் மாட்டி, பேட்டரி சார்ஜ் செய்து, காரில் மூன்றாவதாக இருக்கட்டும். இப்போது அதுதான் உண்மையான ஸ்பேர்.

வாங்கும்போது பில்லோடு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வந்த சரக்கு விலை குறையும், ஆனால் இங்கே வாரண்டி கிடைக்காது. ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் தொழில் பெயரில் பில் போடச் சொல்லி, கேமராவுக்குக் கட்டும் 18 சதவீதத்தை உள்ளீட்டு வரி வரவாக எடுக்க முடியுமா என்று உங்கள் ஆடிட்டரிடம் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.