கல்வெட்டு ஆய்வுத் திட்டத்தில் புரோகிராமராகச் சேர்ந்தால் உண்மையில் என்ன வேலை இருக்கும்?

கேள்வி: கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருக்கிறேன். ஒரு பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்வெட்டுகளை டிஜிட்டல் தொகுப்பாக்கும் ஆய்வுத் திட்டத்துக்கு புரோகிராமர் தேடுகிறார்கள். அங்கே என்ன செய்ய வேண்டியிருக்கும்? எதைக் கற்றுக்கொண்டு போக வேண்டும்?

பதில்:

வெப்சைட் கட்டுவது கடைசியில் வரும் சின்ன வேலை. மாதக்கணக்கில் உங்கள் நேரத்தை எடுக்கப்போவது, ஆய்வாளருக்கு இருக்கும் ஐயத்தைத் தரவுக்குள் அழியாமல் வைத்திருக்கும் வேலை. வங்கி மென்பொருளில் ஒரு கட்டம் காலியாகவோ குழப்பமாகவோ இருந்தால் சரிசெய்துவிட்டு நகரலாம். கல்வெட்டில் அப்படிச் செய்தால் பொய்யான வரலாறு உருவாகிவிடும்.

தேதியையே எடுத்துக்கொள்வோம். ஒரு கல்வெட்டில் 'கோவிராஜகேஸரிபந்மர்க்கு யாண்டு 7-ஆவது' என்று மட்டும் இருக்கிறது. அதாவது, இராசகேசரி என்ற அரசனின் 7ஆம் ஆட்சியாண்டு (யாண்டு). சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறிமாறிச் சூடியவர்கள். முதலாம் ஆதித்தன், கண்டராதித்தன், சுந்தர சோழன், முதலாம் இராசராசன் எல்லாருமே இராசகேசரிகள். இது இராசராசன் என்றால், அவன் 985ஆம் ஆண்டின் நடுவில் அரியணை ஏறியதால், 7ஆம் யாண்டு 991 நடுவிலிருந்து 992 நடுவரை. ஆதித்தன் என்றால் ஒரு நூறு ஆண்டுக்கு மேல் பின்னுக்குப் போய் 9ஆம் நூற்றாண்டில் நிற்கும். நீங்கள் டேட்டாபேஸில் ஒரு 'டேட்' நெடுவரிசை வைத்தால், தரவு உள்ளிடுபவர் வேறு வழியில்லாமல் 991-01-01 என்று போடுவார். அந்த நாள் இராசராசனின் 7ஆம் யாண்டுக்குள்கூட வராது!

ஆகவே கல்வெட்டில் உள்ள யாண்டுச் சொற்றொடரை எழுத்தாகவே ஒரு நெடுவரிசையில் வையுங்கள். காலக் கணிப்புக்குத் தனி டேபிள்: எந்த அரசன், எந்த ஆண்டிலிருந்து, எந்த ஆண்டுவரை, யார் சொன்னது, எதை வைத்து, எவ்வளவு உறுதி. ஒரே கல்வெட்டுக்கு அங்கே மூன்று வரிசை இருக்கலாம், இருக்கட்டும். பாண்டியர் கல்வெட்டுகளில் '2-ஆவதின் எதிர் 5-ஆவது' என்று இரண்டு எண்கள் வரும். கூட்டி 7 என்று சேமித்துவிடாதீர்கள். இரண்டையும் இருந்தபடியே வைத்துவிட்டு, கூட்டுவதை நிரலில் செய்யுங்கள்.

பாடத்தைப் பொறுத்தவரை, புதிதாக ஒரு வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டாம். நூல்களையும் சுவடிகளையும் கணினிக்காகக் குறிக்க 1987 முதல் வளர்ந்துவரும், இப்போது எக்ஸ்எம்எல்லில் (பாடத்துக்குள் குறிகளை இடும் கோப்பு வடிவம்) எழுதப்படும் டிஇஐ என்ற பொது வழிமுறை இருக்கிறது. கல்வெட்டுக்கென்றே அதன் ஒரு பகுதியை எடுத்துச் செதுக்கியது எபிடாக். அதில் சிதைந்த இடத்துக்கு 'கேப்' என்ற குறி, ஆய்வாளர் ஊகித்து நிரப்பியதற்கு 'சப்ளைட்', மங்கலாகத் தெரியும் எழுத்துக்கு 'அன்கிளியர்'. இந்த மூன்றும் ஒழுங்காக வந்தாலே பாதி வேலை முடிந்தது. பயனர்கள் தேட வசதியாக இருக்கும் என்று இவற்றை உரித்துவிட்டு வெறும் டெக்ஸ்ட்டைச் சேமிப்பது நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. ஊகம் எது, கல்லில் இருந்தது எது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

அளவுகளிலும் கவனம் வேண்டும். ஆய்வாளர் 'மூன்று எழுத்து சிதைந்துள்ளது' என்றால் அவர் மனதில் இருப்பது தமிழ் எழுத்து. பைத்தானில் நீளத்தை எண்ணும் 'லென்' போட்டால் 'தேவதானம்' 8 என்று வரும். நமக்கு அது தே, வ, தா, ன, ம் என்று ஐந்தே எழுத்து. கோடு பாயின்ட்டை (எழுத்துக்கும் உயிர்க்குறிக்கும் கணினி தனித்தனியாகத் தரும் எண்) எண்ணாமல் கிராஃபீம் கிளஸ்டரை (நமக்கு ஒரே எழுத்தாகத் தெரியும் தொகுதி) எண்ணும் நிரல் நூலகத்தைப் பயன்படுத்துங்கள். கல்லில் வரி முடியும் இடத்தில் சொல் முடியாது என்பதையும் மறக்கக்கூடாது. 'தேவ' ஒரு வரியிலும் 'தானம்' அடுத்த வரியிலும் இருந்தால், வரி முறிவில் 'சொல் தொடர்கிறது' என்ற குறி இருக்க வேண்டும். இல்லையென்றால் தேடலில் அந்தக் கல்வெட்டு வரவே வராது.

அடுத்து, இரண்டு அடுக்கு. பழைய எழுத்தில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. கெ, கே இரண்டுக்கும் ஒரே வடிவம். 'உள்ளபடி' ஓர் அடுக்கு, ஆய்வாளர் படித்த வாசிப்பு இன்னோர் அடுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தேடலுக்கு மூன்றாவதாக ஒரு மறைவான வடிவத்தை நிரலே உருவாக்கட்டும்: புள்ளியை நீக்கி, குறில் நெடில் எகர ஒகரங்களை ஒன்றாக்கி, ஜ-வை ச-வாக்கி. மூலத்தில் கை வைக்கக்கூடாது.

யூனிகோடில் வரும் ஒரு சிக்கலைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். 'கொ'வை ஒற்றை ஒகரக் குறியாகவும் அடிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் அடிக்கலாம். இதை என்எஃப்சி நார்மலைசேஷன் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோடு முறை) சரிசெய்துவிடும். 'கௌதமர்' வேறு கதை. பலர் கொம்புக்குப் பின் ள என்ற எழுத்தையே அடித்து 'கெளதமர்' என்று எழுதியிருப்பார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, என்எஃப்சி தொடவும் தொடாது. எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றினால் 'தெளிவு' கெட்டுப்போகும். ள-வுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களை மட்டும் பட்டியல் எடுத்து, தமிழ் தெரிந்தவரிடம் காட்டி, ஒவ்வொன்றாக மாற்றுங்கள். 'உள்ளபடி' அடுக்கில் இந்தத் திருத்தமே கூடாது; புள்ளியில்லாத கல்லில் 'வெள்ளை'யே 'வெளளை' என்றுதான் இருக்கும்.

அகரவரிசைக்கும் கோடு பாயின்ட் வரிசையை நம்பாதீர்கள். அதில் ன என்பது ந-வுக்கு அடுத்தே வந்துவிடும், ற என்பது ர-வை ஒட்டி நிற்கும். ஐசியூ என்ற யூனிகோடு நிரல் நூலகத்தின் தமிழ் வரிசையை எடுத்து, இருபது சொற்களை வைத்துச் சோதியுங்கள். 'க்' எங்கே வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எக்செல்லைத் தவிர்க்க முடியாது, ஆய்வாளர்கள் அதில்தான் வேலை செய்வார்கள். கல்வெட்டு ஆண்டறிக்கை எண்களை '234/1911' என்று எழுதும் வழக்கம் உண்டு. இது எக்செல்லில் அப்படியே இருக்கும். '7/1912' மட்டும் ஜூலை 1912 என்ற தேதியாக மாறிவிடும். சிஎஸ்வியாகச் சேமித்தால் 'ஜூலை-12' என்றே நின்றுவிடும். 12க்கு உட்பட்ட எண்கள் மட்டும் கெடுவதால் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாது. எண்ணுக்கு ஒரு நெடுவரிசை, ஆண்டுக்கு ஒரு நெடுவரிசை என்று பிரித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

படங்களுக்குக் கணக்கு எளிது. 24 மெகாபிக்சல் வண்ணப் படம் சுருக்கப்படாத டிஃப் கோப்பாக 72 எம்பி. 5,000 படங்கள் 360 ஜிபி. மூன்று பிரதிகள் என்றால் ஒரு டெராபைட்டைத் தாண்டும். இந்தச் சேமிப்பிடத்துக்கான செலவை நிதிக் கோரிக்கை எழுதும்போதே சேர்க்கச் சொல்லுங்கள். கோப்புகளுக்கு ஊர்ப்பெயர் வைக்காமல் நிரந்தர எண் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் எஸ்எச்ஏ-256 செக்சம் (கோப்பு மாறினால் காட்டிக்கொடுக்கும் கைரேகை எண்) எடுத்து மாதம் ஒருமுறை ஒப்பிடுங்கள்.

கற்றுக்கொண்டு போக வேண்டியவை: பைத்தான், எக்ஸ்எஸ்எல்டி (எக்ஸ்எம்எல்லை வேறு வடிவமாக்கும் மொழி), எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் மொழி), கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி). சேர்ந்ததும் முதல் இரண்டு வாரம் நிரல் எழுதாமல், மைப்படியை (கல்வெட்டிலிருந்து மையிட்டுக் காகிதத்தில் எடுத்த படி) படிக்கும் ஆய்வாளர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எந்த இடத்தில் தயங்குகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் டேபிள்களில் இருக்க வேண்டிய நெடுவரிசைகள் பெரும்பாலும் அந்தக் குறிப்பில் கிடைத்துவிடும்.

திட்டத்துக்கு முடிவு தேதி இருக்கும். பணம் நின்றதும் சர்வரை யாரும் அப்டேட் செய்யமாட்டார்கள். அதனால் முதல் ஆண்டிலிருந்தே தளத்தை வெறும் எச்டிஎம்எல் கோப்புகளாக உருவாக்கும் ஸ்கிரிப்டை வைத்திருங்கள். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் நடந்த 'எண்டிங்ஸ்' திட்டம் இந்த வழியைத்தான் பரிந்துரைக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கோப்புகளை ஒரு பென்டிரைவில் போட்டு, இணைய இணைப்பு இல்லாத வேறொரு கணினியில் திறந்து, 'தேவதானம்' என்று தேடிப் பாருங்கள். இரண்டு வரியில் உடைந்து கிடக்கும் கல்வெட்டும் வர வேண்டும்.