ரஷ்யாவின் பால்டிக் கடலோரமான காலினின்கிராட் பகுதியின் ‘முன்னாள் ஜெர்மன் கிராமம்’ என்றால் என்ன?

1945 வரை ஜெர்மனியின் கிழக்கு பிரஷ்யாவில் இருந்து, இரண்டாம் உலகப் போருக்குப்பின் சோவியத் ரஷ்யாவோடு சேர்ந்த ஊர். எல்லைக்கோட்டோடு குடிகளும் அடியோடு மாறினார்கள் என்பதுதான் இதில் முக்கியம்.

அப்படியொரு கிராமமான சிஸ்தியே புருதியைப் பாருங்கள். பழைய பெயர் டோல்மிங்கெமென். ஜெர்மன்போல ஒலிக்கவில்லை என்று 1938இல் நாஜி அரசு அதை ‘டோல்மிங்கன்’ ஆக்கியது. போருக்குப்பின் ரஷ்யப் பெயர் வந்தது. 1944 இறுதியில் சோவியத் படையான செஞ்சேனை நெருங்கியதும் இப்பகுதி மக்களில் பெரும்பாலோர் மேற்கே ஓடினார்கள். போரில் வென்ற நாடுகள் கூடிய 1945 போட்ஸ்டாம் மாநாடு கிழக்கு பிரஷ்யாவின் வடபகுதியைச் சோவியத்துக்குத் தந்தது. எஞ்சிய ஜெர்மானியர்களைப் பெரும்பாலும் 1947, 48இல் ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டு, ரஷ்யா, பெலாரஸ் மக்களைக் குடியமர்த்தினார்கள்.

இழப்பு நிலத்திலும் தெரிந்தது. இங்கே ஈரம் அதிகம். முன்பிருந்தவர்கள் வயலுக்கு அடியில் சுடுமண் குழாய்கள் பதித்து நீரை வாய்க்காலுக்கு வடித்தார்கள். வாய்க்கால் தூர்ந்தால் குழாய்வாய் அடைபடும், வயல் சேறாகும். மதகும் மடையும் தெரிந்த நீர்க்கட்டி (வயல்களுக்கு நீர் பாய்ச்சுபவர்) இல்லாத ஏரிப்பாசனம் எப்படியோ, அப்படித்தான்: வந்தவர்கள் உழைப்பாளிகள், ஆனால் குழாய் எங்கே ஓடுகிறது என்று காட்ட ஆளில்லை.

பலர் நினைப்பதுபோல சிஸ்தியே புருதி முன்பு முழுக்க ஜெர்மானியர் ஊர் அல்ல. லிதுவேனியக் கவிஞர் டோனெலைட்டிஸ் 1743 முதல் 1780 வரை இங்கே போதகராக இருந்து, ஜெர்மன், லிதுவேனியன் என இரு மொழியிலும் வழிபாடு நடத்தினார்.