விடை தெரிந்த சோதனையை எந்தப் பிள்ளை செய்யும்?

கேள்வி: எங்களுக்குக் கோத்தகிரி. பையன் ஐந்தாவது, பொண்ணு எட்டாவது. ரெண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு அறிவியல் செட் வாங்கிக் கொடுத்தோம், ரெண்டே நாளில் மூலைக்குப் போய்விட்டது. செலவில்லாமல் வீட்டிலேயே உருப்படியாக என்ன செய்யலாம்?

பிள்ளைகள் மேல் தப்பில்லை. என்ன நடக்கும் என்று பெட்டி மேலேயே படம் போட்டுக் கொடுத்துவிட்டால் அப்புறம் செய்து பார்க்க என்ன இருக்கிறது? முதலில் ஊகம், பிறகு சோதனை. ஊகத்தை நோட்டில் எழுதின பிறகுதான் எதையும் தொட வேண்டும், தப்பாகப் போனாலும் அழிக்கக் கூடாது. இந்த ஒரு விதி போதும். மற்றதை உங்கள் மலை பார்த்துக்கொள்ளும்: நீங்கள் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள், பஸ் ஏறினால் முந்நூற்றுச் சொச்சம் மீட்டரில் மேட்டுப்பாளையம். சமவெளியில் இருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

அடுத்த முறை கீழே போகும்போது ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் காலியாக, உள்ளே ஈரமில்லாமல், வீட்டிலேயே இறுக்கி மூடி எடுத்துப் போங்கள். காது அடைக்கிற அதே வளைவுகளில் பாட்டிலும் டொக் டொக்கென்று உள்வாங்க ஆரம்பிக்கும், மேட்டுப்பாளையத்தில் இறங்கும்போது யாரோ கையால் நசுக்கின மாதிரி இருக்கும். யார் நசுக்கியது என்று பையனிடம் கேட்டுவிட்டு நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். அப்புறம் பாட்டிலை ஒரு வாளித் தண்ணீரில் தலைகீழாகப் பிடித்து, வாய் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூடியைத் திறந்தால் தண்ணீர் உள்ளே ஏறும். தண்ணீருக்குள்ளேயே மூடி, வெளியே எடுத்து, ஏறின தண்ணீரை அளந்து பாருங்கள். நூறு மில்லிக்கு மேல் இருக்க வேண்டும். கீழே காற்றழுத்தம் அதிகம், அதனால் மேலே பாட்டிலை நிறைத்திருந்த காற்று இங்கே அவ்வளவு இடத்தை விட்டுக்கொடுத்திருக்கிறது. கீழே வாங்கின சிப்ஸ் பாக்கெட் மேலே வரும்போது தலையணை மாதிரி உப்புவதும் இதே கதைதான். எங்கள் வீட்டில் முதல் தடவை பாட்டில் சரியாக நசுங்கவே இல்லை, ஜன்னலோரம் வெயிலில் வைத்துவிட்டோம், சூட்டில் காற்று விரிந்து கணக்கைக் கெடுத்துவிட்டது. அதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆனது, அந்த வாரம்தான் நிஜமான பாடம்.

செட்டில் நூறு டிகிரி வரை காட்டும் தெர்மாமீட்டர் இருந்தால் அடுத்த வேலை சமையலறையில். (காய்ச்சல் பார்க்கிறது வேண்டாம், உடைந்துபோகும்.) தண்ணீரைக் கொதிக்க வைத்து, நீங்களே பிடித்துக்கொண்டு, முனை பாத்திரத்தின் அடியில் படாமல் பாருங்கள். கோத்தகிரியில் 94 டிகிரிக்குப் பக்கத்தில் நின்றுவிடும், மேட்டுப்பாளையத்தில் 99 வரும். அடுப்பைக் கூட்டினால் இன்னும் சூடாகுமா என்று இரண்டு பேரையும் பந்தயம் கட்டச் சொல்லுங்கள். ஆகாது, சீக்கிரம் ஆவியாகும், அவ்வளவுதான். குக்கர் இல்லாமல் நம் ஊரில் துவரம்பருப்பு ஏன் வேக மறுக்கிறது என்பதைப் பொண்ணு தானாகவே பிடித்துவிடுவாள்.

மழைக்காலத்துக்கு மழைமானி. பக்கம் நேராக இருக்கும் பாட்டிலாகப் பார்த்து மேல் பகுதியை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனலாக வையுங்கள். அடியில் மேடுபள்ளம் இருக்கும், கூழாங்கல் போட்டு அது மறையும் வரை தண்ணீர் ஊற்றி அந்த மட்டத்தைப் பூஜ்யமாகக் குறித்துக்கொள்ளுங்கள். கூரை, மரம் எதுவும் மறைக்காத இடத்தில் வைத்து, வானிலைத் துறை மாதிரியே தினமும் காலை 8.30க்கு அளக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் கொட்டியதே, அது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை குடம் என்று பையனைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். கூடலூர்ப் பக்கம் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் அந்த வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துவிடுங்கள். ஜூன், ஜூலையில் அவர்கள் பாட்டில் நிரம்பும், அக்டோபர், நவம்பரில் உங்களுடையது. ஒரே மாவட்டத்தில் ஏன் இப்படி என்று மேப்பை விரித்து வைத்துக்கொண்டு அவர்களே சண்டை போடட்டும்.